வீட்டுல கிடக்கற மெஷின்லேர்ந்து காப்பி ரோஸ்டர்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

9 வருஷமா வீட்டுலயே காப்பிக்கொட்டை வறுக்கறேன். இதுவரைக்கும் 5 ரோஸ்டர் கட்டியாச்சு, எல்லாமே வேற வேலைக்குன்னு செஞ்ச மெஷின்லேர்ந்துதான். பாப்கார்ன் மெஷின்ல ரெண்டு, பிரெட் மேக்கரும் ஹீட் கன்னும் (பெயின்ட் உரிக்க சூடான காத்து ஊதற கருவி) சேத்து ரெண்டு, மோட்டர் வச்ச டிரம் ஒண்ணு. ஒரு விஷயத்த முன்னாடியே சொல்லிடறேன். சூடு கிடைக்கறது சுலபம், எந்த ஹீட்டரும் குடுத்துடும். கொட்டைய நிக்காம புரட்டறதும் வறுத்து முடிச்ச உடனே ஆற வைக்கறதும்தான் பாடு. அப்புறம் வறுக்கும்போது பக்கத்த விட்டு நகராதீங்க, இத இன்னிக்கு நிறைய தடவ சொல்லுவேன்.

புதுமுகம்: அக்கா, பழைய பாப்கார்ன் மெஷின் ஒண்ணு சும்மா கிடக்கு. அப்படியே பச்சைக் கொட்டைய போட்டு வறுக்கலாமா?

வறுக்கலாம், ஆனா மொதல்ல உள்ள எட்டிப் பாருங்க. காத்து வர்ற ஓட்டைங்க பக்கச் சுவத்துல சாய்வா இருந்தா நல்ல மெஷின், கொட்டை சுழன்டு சுழன்டு வறுபடும். அடியில வலை மாதிரி இருந்து நேரா மேல ஊதுதுன்னா அத விட்டுடுங்க, கொட்டையோட மெல்லிசு தோல் உரிஞ்சு அந்த வலை வழியா சூடான கம்பி மேல விழுந்து பத்திக்கும். இந்த காத்துல மிதக்க விட்டு வறுக்கற முறைய பெரிய அளவுல கொண்டு வந்தவர் மைக்கேல் சிவெட்ஸ்னு ஒரு கெமிக்கல் இன்ஜினியர், 1976ல பேட்டன்ட் வாங்கினார், உங்க பாப்கார்ன் மெஷின் செய்யறதும் கிட்டத்தட்ட அதேதான்.

80 கிராம் போதும். பச்சைக் கொட்டையில 10லேர்ந்து 12 சதவீதம் ஈரம் இருக்கும், வெயிட்டா இருக்கறதால மொத ஒரு நிமிஷம் நகராம உக்காந்திருக்கும், அப்ப மரக்கரண்டி காம்பால கிளறி விடணும், இல்லன்னா அடியில இருக்கறது கருகிடும். கொஞ்ச நேரத்துல மஞ்சளாகும், வைக்கோல் வாசனை வரும், அது சுமார் 150 டிகிரி. அப்புறம் பழுப்பு, ஈரம் போகப் போக கொட்டை லேசாகி தானே ஆட ஆரம்பிக்கும், தோல் பறக்கும். 196 டிகிரிய ஒட்டி காஞ்ச சுள்ளிய ஒடிக்கற மாதிரி டக் டக்னு மொத வெடி. அங்கேர்ந்து நிறுத்தறது உங்க ருசி. இன்னும் விட்டா 225 பக்கத்துல சன்னமா, தாள கசக்கற மாதிரி ரெண்டாவது வெடி வரும், எண்ணெய் கசியும், அத தாண்டி போகாதீங்க. பாப்கார்ன் மெஷின்ல எல்லாம் 5, 6 நிமிஷத்துல முடிஞ்சிடும், அதனாலதான் சொல்றேன், நகராதீங்க.

தோசைக்கரண்டி: ஏர் ஃப்ரையர்ல வறுக்க முடியுமா?

பெரும்பாலான ஏர் ஃப்ரையர் 200 டிகிரி காத்தோட நின்னுடும். காத்தே 200ன்னா கொட்டை 196 தொடறதுக்குள்ள நேரம் இழுத்துடும், வறுபடாம வெந்து போகும், நிறம் வந்தாலும் ருசி சப்புன்னு இருக்கும். கொட்டைய புரட்டவும் வழி இல்ல, பறக்கற தோல் மேல இருக்கற ஹீட்டர்ல போய் ஒட்டும். வேண்டாம்.

ஸ்குரூடிரைவர்: என் பாப்கார்ன் மெஷின் 4 நிமிஷத்துல கருக்கிடுது, ஃபேன் தனி ஹீட்டர் தனின்னு பிரிக்கணும். உள்ள தெர்மல் ஃப்யூஸ் (சூடு எல்லை மீறினா கரண்ட வெட்டறது) ஒண்ணு அடிக்கடி தொல்ல குடுக்குது, அத நேரா இணைச்சுடலாமா?

பிரிக்கற யோசனை நல்ல யோசனை, ஃப்யூஸ் யோசனை ரொம்ப மோசம். முதல்ல நல்லத சொல்றேன்.

நிறைய மாடல்ல உள்ள ரெண்டு காயில் இருக்கும், பெருசு சூட்டுக்கு, சின்னது ஃபேன் மோட்டருக்குப் போற வோல்டேஜ குறைக்க. மோட்டர் முதுகுல நாலு டயோடு இருக்கும், ஏசி கரண்ட டிசியா மாத்த. அதனால ஹீட்டர குறைச்சா ஃபேனும் குறையும், அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. மோட்டர சின்ன காயில்லேர்ந்து கழட்டி, அதுக்குன்னு தனி டிசி சப்ளை குடுங்க (மோட்டர் மேல எழுதியிருக்கற வோல்டேஜ பாத்து வாங்குங்க). பெரிய காயிலுக்கு அதோட வாட்ஸ்க்கு ரெண்டு மடங்கு தாங்கற டிம்மர். அப்புறம் இத கண்டிப்பா பண்ணுங்க: ஹீட்டருக்குப் போற கரண்ட் ஒரு ரிலே (கரண்ட்ல தானே இயங்கற சுவிட்ச்) வழியா போகட்டும், அந்த ரிலே ஃபேன் சப்ளையில ஓடட்டும். ஃபேனுக்கு கரண்ட் போச்சுன்னா ஹீட்டரும் சேந்து செத்துடும். காத்து இல்லாம அந்தக் காயில் சில நொடியில செக்கச் செவேல்னு ஆயிடும்.

ஆனா மோட்டர் சிக்கி நின்னா ரிலேவுக்குத் தெரியாது. அந்த நேரத்துல உங்க வீட்ட காப்பாத்தப் போறது நீங்க தூக்கி எறியணும்னு சொல்ற அந்த ஃப்யூஸ்தான். அடிக்கடி போகுதுன்னா அதே வெப்பநிலைக்கு புதுசு வாங்கி, காத்து ஓட்டம் படற இடத்துக்கு கொஞ்சம் தள்ளி மாட்டுங்க. சால்டர் பண்ணாதீங்க, வைக்கற சூட்டுலயே ஃப்யூஸ் போயிடும், சாதாரண ஈய சால்டர் 183லயே உருகிடும். கிரிம்ப் பண்ணுங்க, அதாவது ஒரு உலோகக் குழாய்ல ரெண்டு கம்பியையும் விட்டு நசுக்கி இணைங்க. உள்ள இருக்கற எல்லாமே மெயின்ஸ் கரண்ட்ல இருக்கும், பிளக்க புடுங்காம கை வைக்காதீங்க.

மாடிவீடு: பாட்டி காலத்து ஹேர் டிரையர் இருக்கு, நல்ல இரும்பு பாடி.

ஹேர் டிரையர் சூடு பத்தாது. அந்தக் காலத்து டிரையர் சிலதுல உள்ள ஆஸ்பெஸ்டாஸ் வச்சிருந்தாங்க, 1979ல அமெரிக்காவுல அதுக்காகவே திரும்ப வாங்கினாங்க. பிரிக்கவே பிரிக்காதீங்க.

கைவேலை: பிரெட் மேக்கர் முறைய கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க அக்கா.

எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை இது. மாவு பிசையற மோட்டர் கொட்டைய கிளறும், மேலேர்ந்து ஹீட் கன் சூடு குடுக்கும். மாவு மட்டும் பிசையற செட்டிங்ல ஓட விடுங்க, மூடிய கழட்டிடுங்க. 1500லேர்ந்து 2000 வாட் ஹீட் கன், ஸ்டாண்டுல கட்டி, மூக்கு கொட்டைக்கு ஒரு சாண் மேல. சூட்ட கூட்டணுமா, கிட்ட கொண்டு வாங்க, குறைக்கணுமா, தூக்குங்க, எந்த எலக்ட்ரானிக்ஸும் வேண்டாம். 300 கிராம் 10லேர்ந்து 12 நிமிஷம்.

பிரச்சனை பாத்திரம். கூட வர்ற பாத்திரம் நான்ஸ்டிக். ஹீட் கன் காத்து 500 டிகிரி தாண்டும், கொட்டை இல்லாத வெறும் சுவத்துல அது பட்டா கோட்டிங் 260க்கு மேல சிதைஞ்சு புகையா வரும், மனுஷனுக்கு காய்ச்சல் வர வைக்கும், வீட்டுல கிளி குருவி வளத்தீங்கன்னா செத்தே போகும். நான் கோட்டிங் இல்லாத ஸ்டீல் பாத்திரத்துக்கு அடியில ஓட்டை போட்டு, பழைய பாத்திரத்தோட தண்டையும் துடுப்பையும் அதுக்கு மாத்தினேன், அந்த ஒரு வேலைக்கு ரெண்டு நாள் ஆச்சு.

எனக்கு தீ பிடிச்சதும் இதுலதான். போன் அடிச்சுதுன்னு நாலு அடி நகந்தேன். பாத்திரத்துக்கும் வெளி பாடிக்கும் நடுவுல தோல் சேந்து கிடந்திருக்கு, திரும்பிப் பாக்கறேன், ஒரு சிவப்புப் புள்ளி ஓரமா ஊந்து போகுது, சத்தமே இல்ல. மறு நொடி குப்னு எரிஞ்சுது. ஹீட் கன்ன அணைச்சு, பிளக்க புடுங்கி, மேல ஒரு இரும்புத் தட்ட கவுத்துட்டேன், காத்து போகாம அடங்கிச்சு. தண்ணி ஊத்தாதீங்க. பக்கத்துல தட்டு இல்லாம நான் இப்ப ஆரம்பிக்கறதே இல்ல.

நிழல்: நான்ஸ்டிக் வாணல்ல கையால கிளறினா பரவாயில்லையா?

இப்பத்தான் மேல சொன்னேன். வேண்டாம். இரும்பு வாணல் எடுங்க.

ராத்திரிஷிஃப்ட்: ஏர் ஃப்ரையர்ல 200 டிகிரி வரைக்கும் போகுதே?

மேல பாருங்க.

டிகிரி: நீங்க மொத வெடி 196ன்னு சொல்றீங்க, என் மீட்டர்ல 214ல வெடிக்குது. யார் சொல்றது சரி?

ரெண்டும் சரி. நீங்க அளக்கறது கொட்டையோட சூடு இல்ல. 80 கிராம் கொட்டை காத்துல பறக்கும்போது நடுவுல நிக்கற கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கற கம்பி சென்சார்) பாதி நேரம் வெறும் காத்தத்தான் தொடுது, காத்து கொட்டைய விட சூடு, அதனால நம்பர் ஏறித்தான் தெரியும். தடிமனான சென்சார் போட்டா எல்லாம் தாமதமா காட்டும், அப்ப குறைவா தெரியும். வெடிய காதால கேட்டு அந்த நம்பர குறிச்சுக்கோங்க. உங்க மெஷின்ல மொத வெடி 214. அவ்வளவுதான்.

அளவுகோல்: மன்னிக்கணும் அக்கா, இது ஒத்துக்க முடியல. காது, மூக்குன்னு சொல்லிட்டே இருந்தா ஒரு தடவ வந்த ருசி மறுபடி எப்படி வரும்? நான் ஆர்ட்டிசன்னு வறுக்கற சூட்ட கோடா வரையற சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு நொடியும் பதிவு பண்றேன்.

நானும்தான் பதிவு பண்றேன், அது நல்ல பழக்கம். ஆனா அந்தக் கோடு நேத்து வறுத்ததோட இன்னிக்கு வறுக்கறத ஒப்பிடத்தான். சென்சார் அரை அங்குலம் நகந்தாலே பழைய கோடு எல்லாம் வீண்.

டிகிரி: அப்ப 100 கிராமுக்கு மாத்தினா?

அப்பவும் மாறும், சென்சார் இன்னும் ஆழமா முழுகும், நம்பர் இறங்கும்.

அளவுகோல்: அப்படின்னா நம்பரே வேண்டாம்னு சொல்லிடுங்க.

அப்படி சொல்லல தம்பி. இதுல ஏமாத்தாத ஒரே நம்பர் எடை. போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஆறினப்புறம் ஒரு தடவ நிறுத்துப் பாருங்க. 100 கிராம் 88 ஆச்சுன்னா இளம் வறுவல், 85 ஆச்சுன்னா நடுத்தரம், 82க்கு கீழன்னா நல்ல கருப்பு. சென்சார் எங்க இருக்கு, காத்து எவ்வளவு, எதையும் தராசு கேக்காது. மீட்டர்ல ஒரே நம்பர்ல நிறுத்தின ரெண்டு வறுவல எடை போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

பழுதுபாப்பவன்: கெட்டுப்போன மைக்ரோவேவ்லேர்ந்து டிரம் சுத்தற மோட்டர் எடுக்கலாமா?

எடுக்காதீங்க. பிளக்க புடுங்கினப்புறமும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல 2000 வோல்ட் கிட்ட தங்கியிருக்கலாம், ஆள கொல்லும். அந்த மோட்டர் நிமிஷத்துக்கு 5, 6 சுத்துதான், டிரம்முக்கு 50 கிட்ட வேணும். கார் வைப்பர் மோட்டர் பாருங்க.

தகரம்: ஜி.ஐ தகடுல டிரம்?

வேண்டாம், துத்தநாகப் பூச்சு 200 டிகிரிக்கு மேல நிலைக்காது, உரியும். ஸ்டீல்.

பொறுமைசாலி: வறுத்ததும் எப்படி ஆற வைக்கறது, எப்ப அரைக்கலாம்?

கொட்டை உள்சூட்டுலயே வறுபட்டுட்டு இருக்கும், 4 நிமிஷத்துக்குள்ள கை பொறுக்கற சூட்டுக்கு வரணும். அகலமான வடிதட்டுல கொட்டி டேபிள் ஃபேன்ன அடியிலேர்ந்து மேல ஊத விடுங்க, மிச்ச தோலும் பறந்துடும், வெளியில வச்சு பண்ணுங்க. உடனே பாட்டில்ல இறுக்கி மூடாதீங்க, கார்பன் டை ஆக்சைடு வந்துட்டே இருக்கும். ஒரு நாள் விட்டு அரைங்க, மூணு நாள் விட்டா இன்னும் நல்லாருக்கும்.

மலைக்காத்து: எந்தக் கொட்டை வாங்கறது?

அது எனக்கு கைவந்த விஷயம் இல்ல, விளைச்சல் தெரிஞ்சவங்கள கேளுங்க.

வெள்ளிக்கிழமை: ஏர் ஃப்ரையர் பத்தி யாராவது...

மூணாவது தடவ. மேல இருக்கு.

அளவுகோல்: அக்கா, எடை போட்டுப் பாத்தேன். ரெண்டுமே மீட்டர்ல 221ல நிறுத்தினது. 100க்கு ஒண்ணு 87, இன்னொண்ணு 83.

கேட்டதுக்கு பண்ணிப் பாத்தீங்களே, சந்தோஷம். ரெண்டாவதுக்கு காத்து குறைவா இருந்துச்சா, வடிகட்டி அடைச்சிருக்கான்னு பாருங்க. சென்சார கொட்டை கும்பல்ல முழுகற மாதிரி இறக்கி, ஒரு திருகு போட்டு அசையாம கட்டுங்க. கட்டிட்டு மறுபடி மூணு வறுவல், மூணையும் நிறுங்க.