நட்சத்திரம் வந்தால் பழுதா?

கேள்வி: கிளை அலுவலக சர்வர் திறக்கவில்லை. விண்டோஸில் ட்ரேசர்ட் (tracert, சர்வர் வரையிலான வழியில் உள்ள ரவுட்டர்களை வரிக்கு ஒன்றாகக் காட்டும் கட்டளை) போட்டால் 6-ஆவது வரியிலிருந்து 30 வரை வெறும் நட்சத்திரம் (*, பதில் வரவில்லை என்ற குறி). 6-ஆவது ரவுட்டர்தான் பழுதா?

பதில்: உடனே அப்படி முடிவுகட்டாதீர்கள். நடுவில் மட்டும் நட்சத்திரம் வந்து, அடுத்த வரிகள் பதில் தந்தால் கவலையே வேண்டாம். அந்த ரவுட்டர் பதில் அனுப்பவில்லை, ஆனால் பாக்கெட்டை (தரவுத் துண்டை) அடுத்த ரவுட்டருக்குக் கடத்திவிடுகிறது. உங்களுக்கோ கடைசிவரை மௌனம். 5-க்கு அப்பால் பாதை அறுந்திருக்கலாம், திரும்பும் பாதை கெட்டிருக்கலாம், ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு) ஐசிஎம்பியை, அதாவது ட்ரேசர்ட் பயன்படுத்தும் செய்தி வகையை, தடுத்திருக்கலாம். லினக்ஸில் ரூட் (root, நிர்வாகி) அனுமதியோடு ட்ரேஸ்ரூட்டை (ட்ரேசர்ட் போன்ற லினக்ஸ் கட்டளை) டிசிபி முறையில், அதாவது வெப் போன்ற சேவைகள் இணையும் முறையில், சர்வரின் சேவை போர்ட்டுக்கு (வெப் என்றால் 443) ஓட்டுங்கள். சர்வரை எட்டினால் பாதை சரி. சர்வரில் சேவை ஓடுகிறதா பாருங்கள். மறுபடி 5-இலேயே நின்றால் எதிர்முனையிலிருந்தும் ட்ரேஸ் எடுத்து, இரண்டையும் இணைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இரண்டே முகவரிகள் மாறிமாறி வந்தால் அது ரவுட்டிங் சுழல், அதாவது இரண்டு ரவுட்டர்கள் பாக்கெட்டை ஒன்றுக்கொன்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.