சீனாவின் தாங் அரசமரபுக் காலத்து மூவண்ணக் குதிரை, ஒட்டக பொம்மைகள் ஏன் பெரும்பாலும் கல்லறைகளிலேயே கிடைக்கின்றன?

அவை இறந்தவரோடு புதைக்கவே செய்யப்பட்டவை. அந்த மண்பாண்டம் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒத்துவராததற்கு முக்கியக் காரணம் ஈயம். தாங் காலத்து (618–907) ‘சான்சாய்’ (மூவண்ண) மண்பாண்டங்களின் மெருகில், அதாவது சுட்டதும் கண்ணாடிபோல் ஆகும் மேற்பூச்சில், ஏறக்குறைய பாதி ஈய ஆக்சைடுதான். புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து இறங்கும். மண்ணும் நுண்துளை உள்ளது, நீர் கசியும். அடுக்களைக்கு ஆகாது, இறந்தவரோடு புதைக்கத் தாராளமாகப் போதும்.

வெண்களிமண் உருவை முதலில் 1,000–1,100 டிகிரி செல்சியஸில் சுட்டு, மெருகு பூசி, 800–900 டிகிரியில் மறுபடி சுடுவார்கள். செம்பு பச்சையையும் இரும்பு பழுப்பு மஞ்சளையும் கோபால்ட் நீலத்தையும் தரும். ஈயம் கலந்த மெருகு எளிதில் இளகி வழியும். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருப்பது அதனால்தான். மனித உருவங்களின் முகத்தைப் பெரும்பாலும் மெருகிடாமல் விட்டதும் அதற்காகவே: வழிந்தால் மூக்கும் வாயும் மூடிப்போகும். சுட்ட பிறகு கண், புருவம், உதடு தீட்டினார்கள். அந்த வண்ணம் சூளை காணாதது, ஆகவே பலவற்றில் உதிர்ந்துவிட்டது.

தாங்குக்கு முன் சீனாவை ஆண்ட ஹான் அரசமரபுக் காலத்து ஈயப் பச்சை மெருகில் தெரியும் வெள்ளி மினுமினுப்பு குயவர் கைவேலை அல்ல. ஈரமண்ணில் மெருகு அரிபட்டுப் படிந்த மெல்லிய அடுக்குகள்.