பேட்டி கொடுக்கும் முன் வண்டியின் இன்ஷூரன்ஸைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் ரியாத்தில் ஒரு வீட்டில் டிரைவர். ரோட்டைக் கடந்தவர் மேல் வண்டி மோதி, அவர் இறந்துவிட்டார். என் கணவர் இரண்டு மாதமாகச் சிறையில் இருக்கிறார். கபில் (வேலைக்கு வைத்த முதலாளி) போனை எடுப்பதில்லை, நான்கு மாதச் சம்பளமும் பாக்கி. அந்த ஊர் லைசென்ஸ் எடுத்துத் தராமலே ஓட்ட வைத்தார்கள், தூங்கவும் விடவில்லை. கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டேன். ஒரு யூடியூப் சேனல்காரர்கள் பேட்டி கேட்கிறார்கள். கொடுத்தால் தூதரகம் வேகமாக வேலை செய்யுமா? - வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதில் வழக்குக்கு வேண்டியது ஒரே வரி. அவரிடம் சவூதி லைசென்ஸ் இல்லை. சம்பளப் பாக்கியும் கபில் போனை எடுக்காததும் நிஜமான வேதனைதான். ஆனால் அவரை உள்ளே வைத்திருப்பது அவை இல்லை.

தவறுதலாக ஓர் உயிர் போனால், இறந்தவரின் வாரிசுகளுக்கு அங்கே தியா என்ற இழப்பீடு கொடுக்க வேண்டும். இறந்தவர் முஸ்லிம் ஆண் என்றால் 3 லட்சம் ரியால் என்பது வழக்கமான கணக்கு. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால், கட்டிய பணத்தை அவரிடமே திருப்பிக் கேட்கக் கம்பெனிக்கு வழி உண்டு.

இப்போது பேட்டியை யோசியுங்கள். மைக்கை நீட்டியதும் உங்கள் வாயில் வரப்போவது, "லைசென்ஸ்கூட எடுத்துத் தராம ஓட்டச் சொன்னாங்க, தூங்கவே விடல" என்பதுதான். இங்கே கேட்பவர்கள் அழுவார்கள். அங்கேயோ, தூக்கக் கலக்கத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார் என்று மனைவியே ஒப்புக்கொண்ட பேச்சாக அது நிற்கும். இந்த உண்மையைத் தூதரகம் காட்டும் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கேமரா முன்னால் வேண்டாம்.

செய்தி வந்தால் தூதரகம் அசையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆள் எந்தச் சிறையில் என்றே தெரியாதபோது, யாரும் போய்ப் பார்க்காதபோது, எம்.பி. ஒரு கடிதம் எழுதினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் 1963 வியன்னா ஒப்பந்தப்படி தூதரகம் செய்யக்கூடியது சிறையில் பார்ப்பது, பேசுவது, வக்கீல் ஏற்பாடு செய்வது. அந்த நாட்டு நீதிமன்றத்தின் கையை அது பிடிக்க முடியாது. வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக இந்திய வெளியுறவுத் துறை நடத்தும் மதத் (MADAD) என்ற புகார் இணையதளத்தில் பாஸ்போர்ட் நம்பரோடு பதிந்திருப்பீர்கள். இல்லையென்றால் இன்றே பதியுங்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். வாரிசுகள் மனமிறங்கினால் தொகையைக் குறைக்கலாம், மன்னிக்கவும் செய்யலாம். அந்த மனத்தைத்தான் வீடியோ கெடுக்கும். யேமனில் மரண தண்டனை பெற்ற கேரள நர்ஸ் வழக்கில், 2025இல் இந்திய ஊடகங்கள் அவரைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டுகின்றன என்று இறந்தவரின் அண்ணன் தம்பியில் ஒருவரே வெளிப்படையாகக் கோபப்பட்டார். என்னிடம் வந்த ஊத்தங்கரைக் குடும்பத்துக்கும் இதுதான் நடந்தது. பேச்சு முடியும் நேரத்தில், "எங்க பையன் மேல தப்பே இல்ல" என்று அம்மா அழுத வீடியோவை அங்கே வேலை செய்யும் நம்மூர்க்காரரே வாரிசுகளுக்கு மொழிபெயர்த்துக் காட்டிவிட்டார். அதன் பிறகு அவர்கள் போனை எடுக்கவே இல்லை. அந்தத் தாய் என் முன்னால் செல்போனைப் பிடித்தபடி, "எதைப் பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே சார்" என்றார். அதனால்தான் இதை இவ்வளவு எழுதுகிறேன்.

தியா கட்ட ஊரில் பணம் வசூலிக்கவும் வேண்டாம். லட்சங்கள் சேருகிறது என்ற செய்தி போனால் கேட்கும் தொகையும் ஏறும்.

அப்புறம் கபில். வண்டி அவருடையது, இன்ஷூரன்ஸ் அவர் பெயரில். நாலு பேர் பார்க்க அவரைத் திட்டிவிட்டு அந்தக் காகிதத்தை எப்படி வாங்குவீர்கள்? அவர் ஒத்துழைக்கிறார் என்றால் நான்கு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தாவது முடித்துக்கொள்ளுங்கள்.

தூதரகத்திடம் இரண்டு கேளுங்கள்: விபத்தன்று இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்ததா, டிராபிக் அறிக்கையில் உங்கள் கணவர் மேல் எத்தனை சதவீதம் தவறு போட்டிருக்கிறார்கள். நடந்து வந்தவர் மேலும் பங்கு தவறு இருந்தால் தியா அந்த அளவுக்குக் குறையும். இந்த இரண்டும் கைக்கு வந்ததும் வாருங்கள், சமரசத்துக்கு எவ்வளவு வரை போகலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.