தீராத சோர்வு: அழற்சி மேல் பழியைப் போடுமுன்

கேள்வி: வயது 36, மும்பை செம்பூரில் இருக்கிறேன். டெங்கு வந்து எட்டு மாதமாகியும் சோர்வு போகவில்லை. முடி கொட்டுகிறது, மறதி வேறு. க்ரானிக் ஃபடிக் சிண்ட்ரோம் என்ற தீராத சோர்வு நோயில் நோய் எதிர்ப்பு சக்தியே அழற்சியாக மாறி உடம்பைத் தின்னும் என்று நெட்டில் படித்தேன். ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். 68, ஏ.என்.ஏ. 1:80. மருந்துக் கடையில் கேட்டு ஐந்து வாரமாக தினம் 10 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். சாயங்காலம் உடம்பு கதகதவென்று இருக்கும். ஜாக்கெட்டுகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. ஆயுசுக்கும் இப்படியேதானா?

பதில்: ஆயுசுக்கும் இப்படியே என்று முடிவு கட்டும் அளவுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை, அம்மா. ஆனால் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்ததைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான்.

வைரஸ் உள்ளே வந்ததும் நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற பொருள்களைச் சுரக்கின்றன. காய்ச்சல் நாளில் நம்மைச் சுருட்டிப் படுக்கப் போடுவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. காய்ச்சல் விட்ட பிறகும் சிலருக்கு இது முழுதாக ஓய்வதில்லை என்பதுதான் க்ரானிக் ஃபடிக் சிண்ட்ரோமில் ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம். 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் தொடங்கி 3 வருடத்துக்குள் இருந்தவர்களிடம் பல சைட்டோகைன்கள் கூடியிருந்தன. அதைத் தாண்டியவர்களிடம் அப்படிக் கூடியிருக்கவில்லை. உடம்பைத் தின்றுகொண்டே போகிற சமாச்சாரமாக இருந்தால் வருடம் ஏற ஏற அது ஏறியிருக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியை அமுக்கினால் குணமாகும் என்பதும் நிற்கவில்லை. நார்வேயில் 151 நோயாளிகளிடம் ரிட்டுக்சிமாப் என்ற வலுவான மருந்தைச் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது. வெற்றுத் திரவம் ஏற்றியவர்களைவிட மருந்து ஏற்றியவர்களுக்குப் பலன் ஒன்றும் கூடவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நோயில் இருக்கும் அழற்சி மிக லேசானது, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போன்ற, அழற்சியைக் காட்டும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உங்களுடைய 68ஐ அதன் கணக்கில் எழுத முடியாது. பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறவர்களுக்குப் பசி கூடும், முகம் ஊதும், எடை ஏறும். ஐந்து வாரம் சாப்பிட்டும் நீங்கள் இளைத்திருக்கிறீர்கள். அதோடு சாயங்காலச் சூடு. மும்பையில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் தேட வேண்டியது டி.பி. இருமல் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள். நுரையீரலை விட்டு வேறு இடத்தில் வந்தால் இருமலே இல்லாமல் இருக்கலாம்.

தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு தம்பி, ஆறு மாதச் சோர்வோடு என்னிடம் வந்தார். டானிக், ஸ்டீராய்டு எல்லாம் பார்த்துவிட்டார். சட்டையின் கழுத்துப் பட்டன் மட்டும் திறந்தே இருந்தது. ஏன் என்று கேட்டேன், உறுத்துகிறது என்றார். தடவிப் பார்த்தால் காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் மூன்று கட்டிகள். டி.பி. மருந்து ஆறு மாதம் சாப்பிட்டார். இப்போது வேலைக்குப் போகிறார். அந்த ஸ்டீராய்டு மட்டும் இல்லாதிருந்தால் காய்ச்சல் முன்னாலேயே வெளியே தெரிந்திருக்கும். அது காய்ச்சலை மூடி மறைக்கும், கிருமிக்கு வழியும் விடும். மருந்துச் சீட்டு இல்லாமல் அதை விற்கிறவர்கள் மீது எனக்கு ஆறாத கோபம் உண்டு.

ஆனால் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று விட்டால் மயங்கி விழலாம். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். மார்பு எக்ஸ்ரே, சளி வந்தால் அதில் டி.பி. கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனை, கழுத்திலும் அக்குளிலும் கட்டி இருக்கிறதா என்ற சோதனை, தைராய்டு, சர்க்கரை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் கடைசியை விடாதீர்கள். மாநகராட்சி மருத்துவமனைகளில் டி.பி. பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனையில் 1:80 என்பது நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வரும், விடுங்கள். டெங்குக்குப் பிறகு முடி கொட்டுவதும் சகஜம், வளர்ந்துவிடும்.

எல்லாம் சுத்தமாக வந்தால் அப்புறம் க்ரானிக் ஃபடிக் சிண்ட்ரோமைப் பற்றிப் பேசலாம். அதன் முக்கிய அடையாளம் உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. கொஞ்சம் அதிகமாக வேலை செய்தால் அன்று சமாளித்துவிடுவார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ எழ முடியாமல் விழுவார்கள், அது நாள்கணக்கில் நீளும். அப்படி இருந்தால் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வது கெடுதல். பிரிட்டனின் வழிகாட்டுதலே 2021இல் அதைக் கைவிட்டுவிட்டது. பரிசோதனை முடிவுகள் வரும்வரை ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள்: என்ன வேலை செய்தீர்கள், அடுத்த இரண்டு நாள் எப்படி இருந்தது, சாயங்காலம் ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது, வாரம் ஒருமுறை எடை எவ்வளவு.