ஒரே நிறுவனத்திடம்தான் இணைய இணைப்பு வாங்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் சொல்ல முடியுமா?

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி 212 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். 2022-இல் எங்கள் உரிமையாளர் சங்கம், கேபிள் டிவியும் இணையமும் தரும் ஒரு நிறுவனத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி வேறு எந்த நிறுவனமும் வளாகத்துக்குள் கம்பி இழுக்கக் கூடாது. இதற்காகச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வருகிறது. தொடக்கத்தில் இணையத்துக்கு மட்டும் மாதம் 500 ரூபாய் வாங்கினார்கள். இப்போது டிவியையும் சேர்த்து எடுத்தால்தான் இணையம் என்கிறார்கள். மாதம் 1,120 வீதம் ஆறு மாதத்துக்கு 6,720 ரூபாய் முன்பணம் கட்டினேன். எங்கள் வீட்டில் டிவி பார்ப்பவரே இல்லை. இரண்டு மாதம் கழித்து வேறு நிறுவனத்திடம் இணைப்புக் கேட்டேன். வந்த ஊழியரைச் செக்யூரிட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். மீதி நான்கு மாதப் பணத்தைத் தரவும் நிறுவனம் மறுக்கிறது. என் சொந்த ஊரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கிடைத்த காலம் நினைவிருக்கிறது. இப்படி விலையேற்றுவதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லையா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: விலை ஏறிவிட்டது, வேண்டாத டிவியையும் சேர்த்து வாங்க வைக்கிறார்கள், வேறு நிறுவனத்தை உள்ளே விடவில்லை. நீங்கள் முதலாவதற்குத்தான் வழி கேட்கிறீர்கள். சட்டம் உங்களுக்கு மிகக் குறைவாக உதவுவதும் அதில்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டிலும் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. மனுவையும் அவற்றின் மீதே கட்ட வேண்டும்.

வீட்டு இணையத்தின் மாதக் கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது. அவர்கள் கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், அறிவித்ததற்கு மேல் வாங்கக் கூடாது என்ற அளவில்தான் கட்டுப்பாடு இருக்கிறது. கேபிள் டிவியில் நிலைமை சற்று வேறாக இருந்தது. 2017-ஆம் ஆண்டு கட்டண ஆணையின்படி, சேனல்களின் விலை நீங்கலாக, இணைப்புக்கு மட்டும் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு; பழைய ரசீதுகளில் பலரும் பார்த்திருக்கக்கூடிய அந்த விநோதமான தொகை இப்படி வந்ததுதான். 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே நீக்கிவிட்டார்கள். ஆகவே டிவியின் பங்காக எவ்வளவு வாங்கினாலும், அதை முன்கூட்டியே அறிவித்திருந்தால், தொகை அதிகம் என்ற ஒரே காரணத்தை வைத்து நீங்கள் வெல்வது கடினம்.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது உண்மைதான். அது ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு வைத்த விலை. மற்ற ஆபரேட்டர்களுக்கு அரசு போட்ட உச்சவரம்பு அல்ல. அதை முன்மாதிரியாகக் காட்டி மனுத் தாக்கல் செய்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் வேலை சுலபமாகும்.

இனி, டிவியையும் எடுத்தால்தான் இணையம் தருவோம் என்ற நிபந்தனைக்கு வருகிறேன். ஒரு பொருளையோ சேவையையோ பெறுவதற்கு முன்நிபந்தனையாக இன்னொன்றை வாங்கச் சொல்வது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(41)-ஆவது பிரிவின்படி கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை ஆகும். இரண்டையும் சேர்த்து எடுப்பவருக்குச் சலுகை விலை தருவதில் தவறில்லை. தனியாகக் கேட்பவருக்குத் தரவே மாட்டோம் என்பதுதான் சிக்கல். இந்த வேறுபாட்டை நீங்கள் ஆவணத்தோடு நிறுவ வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை நாளை மறுத்துவிடுவார்கள். எனவே, “எனக்கு இணையம் மட்டும் போதும், அதற்குத் தனியாக என்ன கட்டணம்?” என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். தனி இணைப்பு இல்லை என்று பதில் வந்தால், உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சியத்தை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். பதிலே வராவிட்டாலும் பத்து நாள் கழித்து நினைவூட்டல் அனுப்பி இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

அதோடு, 6,720 ரூபாய்க்கு உங்களிடம் என்ன ரசீது இருக்கிறது என்று பாருங்கள். பல வளாகங்களில் வசூலுக்கு வருபவர் செல்பேசி வழியாகப் பணத்தை வாங்கிக்கொண்டு, கட்டணம் கட்டிய திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வதோடு சரி. அந்தப் படத்தில் ஒரு தனிநபரின் பெயர்தான் இருக்கும். நிறுவனத்தின் பெயரோ ஜி.எஸ்.டி. எண்ணோ இருக்காது. பல உள்ளூர் ஆபரேட்டர்கள், உரிமம் பெற்ற வேறொரு இணைய நிறுவனத்தின் சேவையைத்தான் வாங்கி விற்கிறார்கள். யார் மீது வழக்கு என்பதே அந்தத் தாளைப் பொறுத்தது. இணையத்துக்கு எவ்வளவு, நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, கட்டணச் சேனல்களுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ரசீதை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். ரசீது தராமல் இருப்பதே அதே சட்டத்தின் 2(47)-ஆவது பிரிவின் கீழ் நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

மீதி நான்கு மாதத்துக்கான 4,480 ரூபாயைப் பொறுத்தவரை, விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் “செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது” என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நுகர்வோர் மீது நியாயமற்ற கட்டணமோ கடமையோ நிபந்தனையோ சுமத்தி அவரைப் பாதகமான நிலையில் வைக்கும் ஒப்பந்தத்தை 2(46)-ஆவது பிரிவு நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கறிஞர்களே சில நேரம் இதில் சறுக்குகிறார்கள். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோரினால் மனு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை. கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு என்ற இரண்டு அடிப்படைகளில் மட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்டால், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். 4,480 ரூபாய்க்கு மாநில ஆணையம் வரை போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவட்ட ஆணையத்தில், நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருப்பதால் மனுக் கட்டணமும் இல்லை. நீங்களே நேரில் வாதாடலாம். மனுவை இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.

தொலைத்தொடர்புச் சேவை தொடர்பான புகார் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று நிறுவனத்தின் தரப்பில் எழுதி அனுப்பினால் கலங்க வேண்டாம். 2009-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை வைத்துப் பல ஆண்டுகள் இந்த ஆட்சேபணை எழுப்பப்பட்டு வந்தது. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றமே, நுகர்வோர் ஆணையங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவுபடுத்திவிட்டது. ஆணையத்துக்குப் போகும் முன் நிறுவனத்தின் புகார் மையத்தில் புகார் பதிந்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்வதும், அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுவதும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதும் நல்லது. சிறு தொகைகள் பல நேரம் அந்த அளவிலேயே திரும்பி வந்துவிடுகின்றன.

இனி வாசலில் நின்ற செக்யூரிட்டியின் விஷயம். 212 வீட்டாரையும் பாதிப்பது இதுதான். சங்கம் ஒரு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் அந்த இருவரையும் கட்டுப்படுத்தும். தனித்தனி வீட்டு உரிமையாளர் எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை சங்கத்துக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். மாடிப்படியும் மொட்டைமாடியும் கம்பிகள் ஏறும் ஷாஃப்டும் சங்கத்தின் சொத்து அல்ல. வளாகத்தின் பொது இடங்களில் ஒவ்வொரு வீட்டு உரிமையாளருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கின் வழியாக உங்களுக்கும் அவற்றில் உரிமை இருக்கிறது. அவற்றைப் பராமரிக்கவும் ஒழுங்குபடுத்தவும்தான் 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் உங்கள் சங்கத்தின் துணைவிதிகளும் சங்கத்துக்கு அதிகாரம் தருகின்றன. கம்பி எந்த வழியாகப் போக வேண்டும், சுவரில் துளையிட்டால் யார் பூசித் தர வேண்டும், ஊழியர் எந்த நேரத்தில் வரலாம் என்றெல்லாம் சங்கம் விதி வகுக்கலாம். ஷாஃப்டின் சாவியைச் செக்யூரிட்டி மேசையில் ஆணியில் மாட்டிவைத்து, ஒரு நிறுவனத்தின் ஆளுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பது அந்த அதிகாரத்துக்குள் அடங்காது என்பதே என் கருத்து.

2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் இந்தத் திசையில்தான் போகிறது. தனியார் இடத்தில் கம்பி கொண்டுசெல்ல விரும்பும் நிறுவனம், அந்த இடத்தை நிர்வகிப்பவரிடம் வழித்தட உரிமை கோரி விண்ணப்பிக்கலாம். அந்த உரிமை பாகுபாடின்றியும், இயன்றவரை ஒருவருக்கு மட்டும் என்றில்லாமலும் தரப்பட வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கு. இதற்கான விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள் அல்ல, புதிய நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு வீட்டுக்காக எந்த நிறுவனமும் இந்த அளவுக்கு மெனக்கெடாது. இருபது முப்பது வீட்டார் கையெழுத்திட்டு, உங்கள் சேவை எங்களுக்கு வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தால், சங்கத்துக்கு முறையான விண்ணப்பம் போகும். அதைச் சங்கம் மறுத்தால் மறுப்பு எழுத்தில் கிடைக்கும். அது கையில் இல்லாமல் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பது வீண் செலவு.

நிறுவனங்களுக்கு இடையிலான வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்திய போட்டி ஆணையத்துக்குப் போகலாமா என்று அண்டை வீட்டார் யாராவது சொல்லியிருப்பார்கள். 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3(4)-ஆவது பிரிவு, போட்டிக்குக் கேடு விளைவிக்கும் வகையில் ஒருவருக்கு மட்டும் உரிமை தரும் ஒப்பந்தங்களைத் தடுக்கிறது. படிக்கும்போது உங்களுக்காகவே எழுதியதுபோலத் தோன்றும். ஆனால் இறுதி நுகர்வோரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு இப்பிரிவு பொருந்தாது என்று 2023-இல் ஒரு விலக்குச் சேர்த்தார்கள். சங்கமும் இறுதி நுகர்வோரே என்று நிறுவனம் வாதிடும். தொலைத்தொடர்பில் முதலில் டிராய் பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகே போட்டி ஆணையம் தலையிடலாம் என்று 2018 டிசம்பரில் பார்தி ஏர்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒரு வளாகத்தை மட்டும் தனிச் சந்தையாக ஆணையம் ஏற்பதும் எளிதல்ல. இந்தக் கதவைத் தட்டுவதில் காலம்தான் போகும். டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமான டி.டி.சாட், தனிப்பட்ட நுகர்வோரின் புகாரை ஏற்காவிட்டாலும் நுகர்வோர் குழுவின் வழக்கை ஏற்கும். நூறு வீட்டாராவது சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் மட்டும் அதை யோசியுங்கள்.

என்னைக் கேட்டால், சங்கத்துக்கு எதிரான முதல் அடியை நீதிமன்றத்துக்கு வெளியே வைப்பேன். ஒப்பந்தத்தின் நகலையும், ஆண்டுதோறும் வரும் தொகை எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது என்ற விவரத்தையும் உறுப்பினர் என்ற முறையில் எழுதிக் கேளுங்கள். பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் நிர்வாகக் குழு மட்டும் கையெழுத்திட்டிருந்தால், அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று துணைவிதியே சொல்லும். துணைவிதி கேட்கும் எண்ணிக்கையில் கையெழுத்துத் திரட்டிச் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோருங்கள். சங்கத்துக்கு வரும் தொகையை 212 வீடுகளால் வகுத்து, ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு மிச்சம், அதற்காக ஒவ்வொரு வீடும் மாதம் எவ்வளவு கூடுதலாகக் கட்டுகிறது என்ற கணக்கை அந்தக் கூட்டத்தில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். சட்டப் பிரிவுகளை அடுக்கியதால் மாறாத நிர்வாகக் குழு, இப்படி ஒரு தாளால் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

2022-இல் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027-இல் முடிய வேண்டும். ஆனால் இத்தனை நாளுக்கு முன் முடித்துக்கொள்வதாக எழுதித் தராவிட்டால் தானாகவே நீண்டுவிடும் என்று ஒரு பிரிவு இத்தகைய ஒப்பந்தங்களில் ஒளிந்திருப்பது வழக்கம். நகல் கைக்கு வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அந்தக் கெடுவுக்கு முன்பே பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற வேண்டும்.

இதற்கிடையில் வீட்டில் இணையம் தடைபடாமல் இருக்க, ஷாஃப்ட் வழியே கம்பி தேவைப்படாத 5ஜி வழி இணையம் உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதன் சிக்னலை வாங்கும் கருவியை உங்கள் பால்கனிக்கு உட்புறம் பொருத்திக்கொண்டால் சங்கம் ஆட்சேபிக்க இடம் மிகக் குறைவு. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இதைப் படித்தால், மேலே சொன்ன நுகர்வோர் வழக்கை அவர்கள் தங்கள் பெயரிலேயே தொடுக்கலாம். சங்கத்திடம் கேட்க வேண்டியவற்றை மட்டும் வீட்டு உரிமையாளர் கையெழுத்தோடு கேட்க வேண்டும்.

மாவட்ட ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்ய, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று நிறுவனம் மறுத்த நாளையே தொடக்கமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மறுப்பும் வாய்மொழியாகத்தான் வந்தது என்றால், இன்றே ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பிப் பதினைந்து நாள் கெடு வையுங்கள்.