ஊர் மாறினால் மஞ்சளின் குணம் மாறுமா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில், மஞ்சள் நிறம் தரும் பொருளான குர்குமின் 7 சதவீதம் வரை இருக்கிறதாம். விதைக்கிழங்கு வாங்கி ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையத்தில் நட்டால் அதே அளவு வருமா?

பதில்: வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் தம்பி. குர்குமினில் ரகத்துக்கு ஒரு பங்கு, இடத்துக்கு ஒரு பங்கு. லக்கடாங் விளையும் ஜெயின்டியா மலையில் அமில மண், கனத்த மழை, குளிர்ந்த காற்று. உங்களுக்கோ தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர், சமவெளி வெயில். ஒரே ரகத்தை ஊர் மாற்றி நட்ட ஆய்வுகளில் குர்குமின் அளவு நன்றாகவே ஏறி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு பாத்தி நடுங்கள். காய்ந்த விரலியை (விரல் போன்ற மஞ்சள் கிழங்கை) ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று போகம் பார்க்காமல் தோட்டம் முழுக்க மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் நம் ஈரோட்டு மஞ்சள் மட்டமா?

பதில்: அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மனசு வலிக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள் அது. குர்குமின் பெரும்பாலும் 3, 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு கிராம் பொடியில் 3 சதவீதம் என்றால் 30 மில்லிகிராம், 7 என்றால் 70. சாறு பிரித்து எடுக்கும் ஆலைக்கு இந்த வித்தியாசம் பெரிய காசு. குழம்பில் கால் ஸ்பூன் போடும் நமக்கு வாசனைதான் முக்கியம். அது டர்மெரோன் போன்ற எண்ணெய்களிலிருந்து வருவது, குர்குமினிலிருந்து அல்ல.

கேள்வி: ஆலப்புழை மஞ்சள் கடலோர மண்ணில் விளைவதாலா அவ்வளவு பெயர்?

பதில்: இல்லை ஐயா. விளைவது தொடுபுழை, மூவாற்றுப்புழைப் பக்கம். ஆலப்புழை வழியாக வியாபாரம் நடந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: பொடியின் நிறத்தை வைத்து நல்ல ஊர்ச் சரக்கு என்று சொல்ல முடியுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயம் பூசிய மஞ்சள் வங்கதேசத்தில் பிடிபட்டிருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். முழு விரலியாக வாங்கி உடைத்துப் பாருங்கள். பக்குவமாக வேகவைத்துக் காயவைத்தது ‘டக்’கென்று உலோகம் தட்டிய மாதிரி உடையும். உள்ளே சீரான ஆரஞ்சு மஞ்சள் தெரியும். மேலே மட்டும் மினுங்கி உள்ளே வெளுத்திருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: அரைத்த பொடியைக் கண்ணாடி ஜாடியில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் அலமாரிக்குள்ளே. ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சம் பட்டே குர்குமின் சிதையும். எந்த ஊர் மஞ்சளாக இருந்தாலும்.