வராதவரை யார் தேடுவது?

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். என் தம்பி மகள் உளவியலில் பி.ஏ. முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மனநல வெளிநோயாளர் பிரிவை நடத்த உளவியலாளர் தேவை என்று ஒரு வேலை அறிவிப்பைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாள். இங்கே எங்கள் ஊரிலும் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சிலர், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் அப்படி ஒரு கிளினிக் தொடங்கலாம் என்கிறார்கள். "உங்க தம்பி பொண்ணையே நடத்தச் சொல்லுங்க டீச்சர்" என்கிறார் ஒருவர். "பட்டாளத்துல இருந்தவன்தான் தலைமை தாங்கணும், புத்தகம் படிச்சவங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறார் இன்னொருவர். உண்மையில் இதற்கு என்ன தகுதி வேண்டும்?

ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் தம்பி மகளால் இப்போதைக்கு முடியாது. பட்டாளத்துக்காரராலும் முடியாது. இருவருக்கும் அந்தக் கிளினிக்கில் நல்ல வேலை இருக்கிறது, ஆனால் அது தலைமை வேலை இல்லை.

அவள் பார்த்த அறிவிப்பிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையில் உளவியலாளர் என்றால் முனைவர் பட்டம் பெற்றவர். பிஎச்.டி.யோ, உளவியலுக்கே உரிய சை.டி. என்ற முனைவர் பட்டமோ இருக்கலாம். ஆனால் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல் போன்ற துறையொன்றில் அமெரிக்க உளவியல் சங்கம் போன்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பாக அது இருக்க வேண்டும். அதற்குமேல் ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சி, அதாவது சுமார் 2,000 மணி நேரம். அந்தப் பயிற்சி இடத்துக்கும் அங்கீகாரம் வேண்டும். பிறகு ஏதாவது ஒரு மாநிலத்தின் முழு உரிமம். அதற்கு 225 கேள்விகள் கொண்ட தேசியத் தேர்வில் தேற வேண்டும். ஒரு மாநில உரிமம் இருந்தால் அத்துறையின் மருத்துவமனைகளில் எந்த மாநிலத்திலும் வேலை பார்க்கலாம். அமெரிக்க அரசின் சம்பளப் படிநிலையில் ஜி.எஸ்-11இல் நுழைந்து 13இல் முழு நிலைக்கு வருவார்கள். ஒரு பிரிவையே நடத்துகிறவர் பொதுவாக 14.

மலேசியப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வேறு. அத்துறை குடியுரிமை கேட்கிறது. வேலைக்கு மட்டுமல்ல, அதன் உள்ளகப் பயிற்சி இடங்களுக்கும் கேட்கிறது. முனைவர் படிப்பையும் பயிற்சியையும் முடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு படித்த பிறகு கடைசிப் படியில் நின்றுவிடக் கூடாது. போவதானால் வேறு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் பயிற்சி எடுக்கத் திட்டமிட்டுப் போகட்டும்.

நம் நாட்டுக் கணக்கு வேறு. துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் (சட்டம் 774) மருத்துவ உளவியலாளரும் வருகிறார். அது 2020இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே முனைவர் பட்டம் கட்டாயமில்லை. மருத்துவ உளவியலில் அங்கீகரிக்கப்பட்ட முதுகலை போதும். அதன் மன்றத்தில் பதிவும், தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் (யூ.கே.எம்.), ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்றவை அந்த முதுகலையை நடத்துகின்றன. கவுன்சிலர் என்று பெயர்ப்பலகை போட வேண்டுமானால் அதற்குத் தனிச் சட்டம், 1998ஆம் ஆண்டின் 580. அதற்கும் தனிப் பதிவு உண்டு. பி.ஏ. உளவியலை வைத்துக்கொண்டு இரண்டில் எதுவாகவும் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. உங்கள் ஊர் முன்னாள் வீரர் சங்கத்துக்காரர்கள் பாசத்தில் "நம்ம டாக்டர்" என்று பேனர் அடித்துவிடுவார்கள். அதற்கு முதல் நாளே தடை போடுங்கள். மருந்து எழுதும் உரிமையும் இங்கே உளவியலாளருக்குக் கிடையாது. ஆகவே உங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கின் மருத்துவ அதிகாரியோடோ, தஞ்சோங் ரம்புத்தான் பஹாகியா மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவோடோ எழுத்தில் ஓர் ஏற்பாடு இல்லாமல் மண்டபத்துக் கதவைத் திறக்காதீர்கள்.

இதுவரை சொன்னது சிகிச்சை தரும் தகுதி. நடத்தும் தகுதி வேறு. எந்தச் சான்றிதழும் அதைக் காட்டாது.

சனிக்கிழமை 9 மணி முதல் 1 மணி வரை என்றால் 240 நிமிடம். புதிதாக வருகிறவருக்கு 90 நிமிடம் வேண்டும், குறைத்தால் பாதிக் கதையோடு அனுப்பிவிடுவோம். தொடர்ந்து வருகிறவருக்கு 50 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் குறிப்பு. ஆக ஒரு புதியவர், இரண்டு பழையவர், மொத்தம் 210 நிமிடம். மிச்சம் அரை மணி போனுக்கும் அவசரத்துக்கும். தைப்பூசம், தீபாவளி, பெருநாள் போக ஆண்டுக்கு 48 சனிக்கிழமை வைத்துக்கொண்டால் தொடர் சிகிச்சைக்கு 96 இடம். போர் அதிர்ச்சிக்கான சிந்தனைச் சீரமைப்புச் சிகிச்சை வழக்கமாக 12 அமர்வு. ஆகவே ஓர் உளவியலாளர் ஆண்டு முழுக்க வந்தால் 8 பேரை முழுதாகப் பார்க்கலாம். எட்டே எட்டு! அஞ்சும் நினைவுகளை மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளச் செய்யும் இன்னொரு முறைக்கு 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி. அதை எடுத்தால் இந்த எண்ணிக்கையும் வராது.

சங்கம் முதல் வாரமே 30 பேரைப் பதிவு செய்துவிடும். பிறகு நடப்பது தெரிந்த கதைதான். எல்லாருக்கும் மாதம் ஒருமுறை இருபது நிமிடம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவருக்கும் குணமாகாது. மாதம் ஒருமுறை தூக்கத்தைப் பற்றி விசாரிப்பதற்கு உளவியலாளர் தேவையில்லை. நடத்தத் தெரிந்தவர் முதல் நாளே கணக்கைச் சொல்லி 22 பேரை வேறு வழிக்குத் திருப்புவார். குழுச் சிகிச்சை ஒரு வழி: எட்டுப் பேர், இரண்டு நடத்துநர்கள், 90 நிமிடம், 12 வாரம். ஆனால் சின்ன ஊரில் குழு என்றால் நடந்ததை விவரிக்க வைக்காத வகையைத்தான் எடுக்க வேண்டும். நடந்ததனால் மனதில் ஊறிப்போன நினைப்புகளை மட்டும் எடுத்துப் பேசினாலே அந்தச் சிகிச்சை வேலை செய்யும். இல்லையென்றால் ஒருவர் சொன்னது மாலைக்குள் காப்பிக்கடைக்கு வந்துவிடும். பழைய சார்ஜனையும் அவருக்குக் கீழே இருந்தவரையும் ஒரே குழுவில் போட்டால் சார்ஜன்தான் பேசுவார்.

அடுத்தது படிவங்கள். பி.சி.எல்-5 என்ற வினாத்தாளில் 20 கேள்விகள், 0 முதல் 80 வரை புள்ளி. 31 முதல் 33 வரையோ அதற்கு மேலோ வந்தால் அதிர்ச்சிக் கோளாறு இருக்கலாம் என்று பொருள். இருக்கிறது என்று பொருளல்ல, அதைத் தீர்மானிக்க நேர்காணல் வேண்டும். ஆறாவது அமர்வுக்குள் புள்ளி இறங்கவில்லை என்றால் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து ஏன் என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9இல் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. கிளினிக்குகளில் அடிக்கடி நடக்கும் தவறு இதில்தான்: கவுண்டரில் படிவத்தை நிரப்பி வாங்கி, கூட்டிப் போட்டு, ஃபைலில் வைத்துவிடுவார்கள். அந்த ஒன்பதாவது விடையை அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஒருவர் படித்தாக வேண்டும். மொழிபெயர்ப்பிலும் கவனம் தேவை. "தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம்" என்று கேட்டால் எங்கள் பெரியவர்கள் "இல்லை" என்பார்கள். "செத்துப்போயிட்டா தேவலன்னு தோணுதாண்ணே?" என்று கேட்டால்தான் தலை குனியும். மனம் சரியில்லை என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை. நெஞ்சு படபடப்பு, தலை கனம், தூக்கம் வரல என்று உடம்பைத்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் ஆபத்தில் இருப்பவரிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்கப் பயிற்சி தருகிறார்கள். அதே கேள்வியைச் சுங்கை சிப்புட்டில் கேட்பதில் பயன் குறைவு. இங்கே கேட்க வேண்டியது களைக்கொல்லியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் தடை என்றாலும் பழைய போத்தல் எத்தனை வீட்டுப் பின்கட்டில் இருக்கும் என்று யாருக்கும் கணக்கில்லை. அது அன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும், போனதை வீட்டில் இருப்பவரிடம் போனில் உறுதிசெய்ய வேண்டும். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பிரிவு 2023இல் நீக்கப்பட்டதையும் சொல்லுங்கள். போலீஸ் வரும் என்ற பயத்திலேயே பலர் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். கிளினிக் இல்லாத நேரத்துக்கு மனநல உதவி எண் 15555, பெஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் 03-7627 2929 இரண்டையும் கையில் எழுதிக் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.

குடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடிட் என்ற 10 கேள்விப் படிவத்தில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு: சாமி முன்னால் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது. தினமும் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பிதற்றலும் காய்ச்சலும் வந்து உயிரே போகலாம். கை நடுங்குகிறவரை, முன்பு வலிப்பு வந்தவரை, மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் ஊரில் வருகிறவர்கள் யார் என்பதையும் யோசியுங்கள். 1948 ஜூன் 16 அன்று உங்கள் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுடப்பட்டார்கள், அதோடு கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் வந்தது. அந்தத் தலைமுறை இன்று அநேகமாக இல்லை. இப்போது வரக்கூடியவர்கள் 1989இல் முடிந்த இரண்டாம் கிளர்ச்சிக் காலத்தில் காட்டில் திரிந்தவர்கள், 1993இல் சோமாலியாவுக்கும் பொஸ்னியாவுக்கும் அமைதிப்படையில் போனவர்கள், 2007க்குப் பிறகு லெபனான் பார்த்தவர்கள். 1975இல் இருபது வயதில் சேர்ந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். வேலையும் பிள்ளை வளர்ப்பும் மூடி வைத்திருந்தது மனைவி போன பிறகு கிளம்பி வரும். அதே வயதில் மறதி நோயும் வரும், நீரிழிவும் வரும், தூக்கத்தில் மூச்சு முட்டுவதும் வரும். ராத்திரி எழுந்து கத்துவதெல்லாம் போர் நினைவுதான் என்று எடுத்துக்கொள்ளும் உளவியலாளர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். முதியோரைப் பார்த்த அனுபவத்தை நான் முனைவர் பட்டத்துக்கு மேலே வைப்பேன்.

பட்டாளத்துக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கத் துறையிலேயே, தானே பாதிக்கப்பட்டு மீண்ட முன்னாள் வீரர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தந்து துணையாளர்களாக வேலைக்கு வைத்திருக்கிறார்கள். வாசலில் தயங்கி நிற்பவரை உள்ளே கூட்டிவர அவர்களைப்போல் யாராலும் முடியாது. ஆனால் நோயைத் தீர்மானிப்பதும் ஆபத்தை எடைபோடுவதும் அவர்கள் வேலை இல்லை. இன்னொன்று, பென்ஷன் கடிதம். 21 ஆண்டு முடிக்காமல் வெளியே வந்து பென்ஷன் இல்லாதவர்கள் உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார்கள். உதவித்தொகைக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று அவர்கள் கேட்பதும் நிச்சயம். சிகிச்சை தருகிறவர் அதை எழுதத் தொடங்கினால், குணமாவது நோயாளிக்கு நஷ்டமாகிவிடும். அமெரிக்கத் துறையில் இழப்பீட்டுக்கான பரிசோதனையையும் சிகிச்சையையும் வெவ்வேறு ஆட்களிடம் பிரித்து வைப்பது இதனால்தான். கடிதம் கேட்பவரை முன்னாள் படைவீரர் விவகாரத் துறைக்கு அனுப்பச் சங்கச் செயலாளரை நியமியுங்கள்.

பதிவுபெற்ற ஒருவரை ஈப்போவிலிருந்து கூட்டிவருவதாக வைத்துக்கொள்வோம். அவரை நேர்காணல் செய்யும்போது பட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள், சான்றிதழைச் சரிபார்த்து எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். உங்களை யார் மேற்பார்வை செய்கிறார்கள், மாதம் எத்தனை மணி? ஒருவர் சிகிச்சையை எப்போது நிறுத்துவீர்கள், எதை வைத்து? பதினொரு மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை, பதினொன்றேகாலுக்கு என்ன செய்வீர்கள்? மூன்றாவதுக்கு "அடுத்த வாரம் வருவார்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அன்றே ஒரு போன், எடுக்காவிட்டால் இரண்டு நாளில் இன்னொன்று, பிறகு அவரே முன்கூட்டி எழுதிக்கொடுத்த ஆளுக்கு ஒன்று. சாவைப் பற்றிப் பேசியவராக இருந்தால் இந்த மூன்றும் அன்று மாலைக்குள். இப்படி ஏதாவது ஒரு வரிசை அவர் வாயிலிருந்து தானாக வர வேண்டும்.

உங்கள் தம்பி மகளுக்கு முதல் ஆண்டு வேலை இதுதான்: வர வேண்டியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வராதவர்களுக்குப் போன் போடுவது. முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவம் உதவும். போனை வீட்டில் வேறு யாராவது எடுத்தால் கிளினிக் என்ற வார்த்தையே வரக் கூடாது. தன் பெயரை மட்டும் சொல்லி, "அண்ணன் இருக்காரா, அப்புறம் கூப்பிடவா?" என்று கேட்டு வைத்துவிடச் சொல்லுங்கள்.